குடல்வால் எடுத்தவருக்கும் குடல்வால் வலி வரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் மருத்துவக் கேள்வி-பதில் பகுதியில் சிதம்பரத்து வாசகி ஒருவர், தனக்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே குடல்வால் ஆபரேஷன் ஆகிவிட்டதாகவும், இப்போது அதே வலது பக்க அடிவயிற்றில் விட்டு விட்டு வலிப்பதாகவும் எழுதியிருந்தார். ‘குடல்வால்தான் எடுக்கப்பட்டுவிட்டதே, அந்தப் பயம் வேண்டாம், வாயுத் தொல்லையாக இருக்கும், எண்ணெய்ப் பலகாரத்தைக் குறையுங்கள்’ என்று பதில் வந்திருந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு அந்தப் பதில் சரியாகத்தான் இருக்கும். ஆனால் ‘அதுதான் எடுத்தாச்சே’ என்ற அந்த ஒரு வார்த்தையால் என் மனைவியை இழக்க இருந்தேன். அதனால்தான் எழுதுகிறேன். அந்த வாசகிக்கு என்ன பிரச்சினை என்று எனக்குத் தெரியாது. வலி மறுபடி வந்தால், பழைய ஆபரேஷன் பேப்பர்களையும் கையில் எடுத்துக்கொண்டு ஒரு அறுவை சிகிச்சை மருத்துவரைப் பார்த்துவிடுங்கள் என்று அவருக்கு நீங்கள் தெரிவித்தால் நல்லது.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வீடு குண்டு உப்பலவாடிப் பக்கம். என் மனைவிக்கு 2019-ல் ஒரு நாள் ராத்திரி வயிற்று வலி தாங்க முடியாமல் போய், ஒரு தனியார் மருத்துவமனையில் அவசரமாக லேப்ராஸ்கோப்பி முறையில், அதாவது வயிற்றில் சின்ன ஓட்டை போட்டு, கேமரா விட்டு, குடல்வாலை எடுத்தார்கள். நன்றாகத்தான் முடிந்தது. சீக்கிரமே வீட்டுக்கு வந்தாள், வேலையெல்லாம் பார்த்தாள். அந்த மருத்துவர் மேல் எனக்கு இன்றும் கோபம் இல்லை. ஏன் இல்லை என்று பின்னால் சொல்கிறேன்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டு, தென்பெண்ணையில் தண்ணீர் வந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். எங்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. வடிந்த பிறகு சேற்றை அள்ளி, பாத்திரம் பண்டமெல்லாம் கழுவி, பீரோவை நகர்த்தி, பாதி வேலை அவள்தான் செய்தாள். பொங்கல் முடிந்த கையோடு வலி ஆரம்பித்தது. முதலில் தொப்புளைச் சுற்றி ஒரு மாதிரி பிசைந்தது, சோறு இறங்கவில்லை, குமட்டல். அப்புறம் வலி மெல்ல வலது பக்கம் கீழே இறங்கி அங்கேயே நின்றுகொண்டது. அவளே சொன்னாள்: “ஏங்க, இது அதே வலிங்க. அன்னிக்கு வந்த அதே வலி.”

இதை அவள் பார்த்த ஒவ்வொரு மருத்துவரிடமும் சொன்னாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று சொன்னால் அது தவறு. கேட்டார்கள், வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்கள், தொப்புளிலும் அடிவயிற்றிலும் இருந்த சின்னத் தழும்புகளைப் பார்த்தார்கள். தழும்பைப் பார்த்ததும் பேச்சு முடிந்துபோனது. “அப்பெண்டிக்ஸ் எடுத்தாச்சு இல்ல, அப்ப அது இல்லம்மா.” ஒருவர் பீரோ நகர்த்தியதைக் கேட்டுவிட்டுச் சதைப் பிடிப்பு என்றார். இன்னொருவர் சிறுநீர்ப் பரிசோதனையில் கொஞ்சம் சீழ் அணுக்கள் இருப்பதைப் பார்த்துச் சிறுநீர்த் தொற்று என்று மாத்திரை எழுதினார். வீங்கிய குடல்வால் பக்கத்தில் இருக்கும் சிறுநீர்ப் பாதையை உரசினாலும் அப்படிச் சில அணுக்கள் வரும் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. சினைப்பைக் கட்டியாக இருக்குமோ என்று ஸ்கேன் எடுத்தார்கள். ‘குடலில் வாயு அதிகம், வலது பக்கம் தெளிவாகத் தெரியவில்லை’ என்று ரிப்போர்ட் வந்தது. பண்ருட்டியில் இருந்து வந்த என் மாமியார், ஆபரேஷன் ஆன இடத்தில் காத்துப் பிடித்திருக்கும் என்று ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தார். மாத்திரை சாப்பிட்டால் காய்ச்சலும் வலியும் இரண்டு நாள் அடங்கும், மறுபடி வரும். ஆன்டிபயாட்டிக் கொடுத்துக் கொடுத்து உள்ளே இருப்பதை மறைத்திருக்கிறார்கள்.

ஒரு நாள் விடியற்காலையில் குளிர்க்காய்ச்சல் வந்து, நிமிர்ந்து நிற்க முடியாமல் குனிந்தபடியே வாசலுக்கு வந்தாள். அவளைக் காரில் ஏற்றிப் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனோம். ரெட்டிச்சாவடி தாண்டி ஒவ்வொரு வேகத்தடையிலும் அவள் வலது கையால் வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். வண்டி குலுங்கினால் வலி அதிகமாவது வயிற்றுக்குள் சீழ் பிடித்திருப்பதற்கான அறிகுறிகளில் ஒன்று என்று அந்த மருத்துவமனையில் சொன்னார்கள். அதனால் ‘வரும்போது வண்டி குலுங்கினப்ப வலிச்சுதா’ என்றுதான் முதல் கேள்வியே கேட்டார்கள்.

கேட்டது ஓர் இளம் டியூட்டி டாக்டர். எங்கள் மகளைவிடக் கொஞ்சம்தான் பெரிய பெண்ணாக இருப்பார். என் மனைவி அவரிடமும், “அதே வலிம்மா, ஆனா எடுத்துட்டாங்க” என்றாள். அந்தப் பெண், “எடுத்தது சரிக்கா. எவ்வளவு எடுத்தாங்கன்னு பேப்பர் ஏதாவது வச்சிருக்கீங்களா?” என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி.

என்னிடம் பேப்பர் இருந்தது. வீட்டில் இருந்திருந்தால் வெள்ளத்தில் போயிருக்கும். மாடியில் இருக்கும் கடையில் வைத்திருந்தேன். தம்பியைக் கடையைத் திறக்கச் சொல்லி, எல்லாவற்றையும் ஃபோட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் வாங்கிக் காட்டினேன். டிஸ்சார்ஜ் சம்மரியில் ஆபரேஷனைப் பற்றி இருந்தது ஒரே வரி: லேப்ராஸ்கோப்பி மூலம் குடல்வால் அகற்றப்பட்டது, நோயாளி நலமுடன் அனுப்பப்படுகிறார். உள்ளே என்ன பார்த்தார்கள், எந்த இடத்தில் கட்டினார்கள், ஒன்றும் இல்லை. ஆனால் அதன் பின்னால் பின் பண்ணியிருந்த பயாப்ஸி ரிப்போர்ட்டில் அந்த டாக்டரின் கண் நின்றது. பரிசோதனைக்கு வந்த குடல்வாலின் நீளம் மூன்றரை சென்டிமீட்டர் என்று அதில் போட்டிருந்தது. “ஆளாளுக்கு நீளம் மாறும்க்கா, இதை மட்டும் வச்சுச் சொல்ல முடியாது. ஆனா சின்னதா இருக்கு. சிடி எடுத்துடலாம்” என்றார். சிடி ஸ்கேனில் தெரிந்துவிட்டது. உள்ளே விட்டுப்போன அடிக்கட்டை வீங்கி, அதைச் சுற்றிச் சீழ் கட்டியிருந்தது.

இதன் விவரத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் படித்தவர்கள்கூட ‘அதெப்படி மறுபடியும் வளரும்’ என்று என்னிடம் கேட்டார்கள். வளரவில்லை. பெருங்குடல் தொடங்கும் பையில் இருந்து தொங்கும் குழாய்தான் குடல்வால். பெரும்பாலானவர்களுக்கு 6 முதல் 9 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். அதை எடுக்கும்போது பையை ஒட்டிக் கட்டி நறுக்குவார்கள். அப்படிக் கட்டிய பிறகு மிஞ்சுகிற அடிப்பகுதி 5 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அறுவை சிகிச்சையில் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. நீளமாக விட்டுப்போனால், அதுவும் ஒரு குட்டிக் குடல்வால்தான். அதற்குள் மலம் கட்டித்துப்போய் அடைத்துக்கொண்டால் முதலில் வந்த அதே நோய் அப்படியே மறுபடி வரும். சில பேருக்குச் சில நாட்களில் வந்திருக்கிறது, சில பேருக்குப் பல பத்தாண்டுகள் கழித்தும் வந்திருக்கிறது. 50,000 பேரில் ஒருவருக்கு என்று மருத்துவக் கட்டுரைகளில் ஒரு கணக்குச் சொல்கிறார்கள். அரிதுதான், ஒப்புக்கொள்கிறேன்.

பாண்டியில் ஆபரேஷன் செய்த மூத்த மருத்துவர் எடுத்த துண்டைத் தட்டில் வைத்து வெளியே கொண்டுவந்து என்னிடம் காட்டினார். சுண்டு விரல் நுனி அளவு, கருஞ்சிவப்பாக, ஒரு பக்கம் வெடித்து. அதற்குள் இருந்து எடுத்த மலக்கல்லைத் தனியாகக் கத்தரிக்கோல் நுனியால் தள்ளிக் காட்டினார். தட்டில் டக்கென்று சத்தம் வந்தது. அவ்வளவு கெட்டி. இன்னும் ஒரு நாள் போயிருந்தால் சீழ் வயிறு முழுவதும் பரவியிருக்கும் என்றார். இந்த நோய் அடிக்கடி ஓட்டை விழுந்த பிறகே கண்டுபிடிக்கப்படுவதற்குக் காரணம், நோய் பொல்லாதது என்பதைவிட, ‘எடுத்தாச்சே’ என்று எல்லோரும் நம்புவதுதான் என்றும் அவரே சொன்னார்.

முதல் மருத்துவர் மேல் கோபம் இல்லை என்று சொன்னேன் அல்லவா? அவர் எடுத்த அன்று எல்லாம் வீங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. என் மனைவிக்குக் குடல்வால் பெருங்குடலின் பின்பக்கமாக மேல்நோக்கி மடிந்து இருந்ததாம். பல பேருக்கு அப்படித்தான் இருக்குமாம். அந்த நிலையில் வேர் எது என்று கண்டுபிடிப்பது சுலபம் இல்லை. பெருங்குடலின் மேல் மூன்று தசைப்பட்டைகள் ஓடும், அவை மூன்றும் கூடும் இடத்தில்தான் குடல்வால் முளைத்திருக்கும், அதைப் பிடித்துக்கொண்டே போனால் வேரை அடையலாம் என்று விளக்கினார்கள். அவசர ஆபரேஷனில் அது சில நேரம் கைக்கு எட்டாமல் போகும். எங்கள் உறவினர் சிலர், ‘அந்தக் காலம் மாதிரி வயிற்றைக் கிழித்தே எடுத்திருந்தால் இப்படி ஆகியிருக்காது, இந்த ஓட்டை போட்டு எடுக்கிறதால் வந்த வினை’ என்றார்கள். அதுவும் சரியில்லை. கேமரா விட்டுக் குடல்வாலை முதன்முதலில் எடுத்தவர் ஜெர்மனியின் குர்ட் செம் என்ற மருத்துவர், 1980-ல். அடிக்கட்டையில் மறுபடி அழற்சி வருவதை ரோஸ் என்பவர் 1945-லேயே எழுதிவிட்டார். கிழித்து எடுத்த காலத்திலும் இது இருந்தது. லேப்ராஸ்கோப்பி பயந்து ஒதுக்க வேண்டிய விஷயம் இல்லை. இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு யாரும் ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஆக, என் மனக்குறை கத்தி பிடித்தவர் மேல் இல்லை. காகிதத்தின் மேல்.

காகிதம் என் தொழில். இன்சூரன்ஸ் க்ளெய்முக்காகவும் முதலமைச்சர் காப்பீட்டுக்காகவும் மருத்துவமனைக் காகிதங்களைத் தினமும் யாராவது ஜெராக்ஸுக்குக் கொண்டுவருவார்கள். அவற்றை ஆண்டுக்கணக்காகப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். எத்தனை ரூபாய்க்குக் கையுறை, எத்தனை ரூபாய்க்குப் பஞ்சு என்று பில் நான்கு பக்கத்துக்கு இருக்கும். ஆபரேஷனில் என்ன செய்தார்கள் என்பது ஒரு வரி. ஆபரேஷன் குறிப்பு என்று விவரமாக ஒன்று எழுதுவார்கள். அது மருத்துவமனையின் கேஸ் ஷீட்டிலேயே தங்கிவிடும், நோயாளியின் கைக்கு வராது. பயாப்ஸி ரிப்போர்ட் டிஸ்சார்ஜ் ஆன பிறகுதான் வரும், அதை வாங்கத் திரும்பிப் போகிறவர்கள் குறைவு. ‘நல்லாத்தானே இருக்கோம், எதுக்கு’ என்று விட்டுவிடுவார்கள். எங்களுக்கு அது கைக்கு வந்ததே, தையல் பிரிக்கப் போன அன்று கவுன்ட்டரில் இருந்த பெண் கூப்பிட்டுக் கொடுத்ததால்தான்.

சரி, பேப்பர் தொலைந்தால் மருத்துவமனையில் போய் வாங்கிக்கொள்ளலாமே என்பீர்கள். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ம் ஆண்டு நன்னடத்தை விதிகளின்படி, உள்நோயாளியின் பதிவேட்டைச் சிகிச்சை தொடங்கிய நாளில் இருந்து 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். இது பலருக்குத் தெரியாது. தெரிந்துகொண்டு கேட்டு வாங்குங்கள். ஆனால் 3 ஆண்டு தாண்டிவிட்டால்? என் மனைவியின் 2019 கேஸ் ஷீட்டைக் கேட்டுப் பழைய மருத்துவமனைக்குப் போனேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். ‘அந்த வருஷத்து ரெக்கார்டெல்லாம் கழிச்சாச்சு சார்’ என்றார்கள். விதிப்படி அவர்கள் செய்ததில் தப்பு இல்லை. ஆனால் பல ஆண்டுகள் கழித்தும் வரக்கூடிய ஒரு சிக்கலுக்கு 3 ஆண்டுப் பதிவேடு எப்படிப் போதும்? ஆக, நம் கையில் இருக்கிற பேப்பர்தான் மிச்சம். அதிலும் ஒரு வரி.

அந்த ஒரு வரி எங்களை இன்னோர் இடத்திலும் படுத்தியது. என் மனைவி ஆபரேஷன் மேஜையில் இருக்கும்போது காப்பீட்டு நிறுவனத்தில் இருந்து எனக்கு ஃபோன் வருகிறது. ‘2019-ல் குடல்வால் அகற்றப்பட்டதாக உங்கள் பழைய க்ளெய்மில் இருக்கிறது. இப்போதும் அதே ஆபரேஷனுக்குக் கேட்கிறீர்கள். ஒருவருக்கு இரண்டு குடல்வாலா?’ என்று கேட்டார் அந்தத் தம்பி. கேலிக்குக் கேட்கவில்லை, அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. பணமில்லாச் சிகிச்சை கிடையாது என்று நிறுத்திவிட்டார்கள். அவள் கழற்றிக் கொடுத்த தாலிச் செயினையும் வளையலையும் அடகு வைத்துத்தான் கட்டினேன். பாண்டி மருத்துவர் சிடி படத்தோடும் இரண்டாவது பயாப்ஸி ரிப்போர்ட்டோடும் ஒரு விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தார். பல மாதம் இழுத்த பிறகு பணம் வந்தது. என் போன்ற ஒருவனுக்குக் காகிதத்தைக் கட்டிக்கொண்டு அலையத் தெரியும். கரும்பு வெட்டப் போகிற, கருவாடு விற்கப் போகிற ஒருவர் அந்த ‘இரண்டு குடல்வாலா’ கேள்விக்கு என்ன பதில் சொல்வார்? பொய் க்ளெய்ம் என்று முத்திரை குத்தி மூடியிருப்பார்கள்.

மருத்துவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். தழும்பு இருக்கிறது என்பதற்காக அந்த நோயைக் கணக்கில் இருந்து எடுத்துவிடாதீர்கள். முதல் நாளே சிடி எடுக்கச் சொல்லவில்லை. அதற்குச் செலவும் இருக்கிறது, கதிர்வீச்சும் இருக்கிறது. காய்ச்சல் இருந்து, ரத்தத்தில் வெள்ளணு ஏறியிருந்து, வலி அதே இடத்தில் நின்று, அல்ட்ராசவுண்டிலும் தெளிவு இல்லை என்றால், அப்போதாவது ‘அடிக்கட்டையாக இருக்குமோ’ என்று ஒரு தடவை நினையுங்கள். நோயாளி ‘அதே வலி’ என்று சொன்னால் அதையும் ஒரு சாட்சியாக எடுத்துக்கொள்ளுங்கள். உடம்புக்குச் சொந்தக்காரர் அவர்தான்.

வாசகர்களுக்கு என் தொழில் சார்ந்து ஒன்று சொல்கிறேன். மருத்துவமனைப் பேப்பர்களை லேமினேட் பண்ணக் கொண்டுவருகிறீர்கள். ஈசிஜி பட்டையும் பளபளப்பான பில் ரசீதும் சூடு பட்டால் கருத்துப்போகிற காகிதம். இயந்திரத்துக்குள் விட்டால் முழுக்கக் கறுப்பாகத்தான் வெளியே வரும். எங்கள் கடையில் மறுத்துவிடுவோம். தெரியாத இடத்தில் கொடுத்துவிடாதீர்கள். அவற்றை முதலில் ஜெராக்ஸ் எடுத்து, ஜெராக்ஸை லேமினேட் பண்ணுங்கள். சும்மா வைத்திருந்தாலே அந்த எழுத்து நாளாக ஆக மங்கிவிடும். எல்லாவற்றையும் ஃபோனில் ஒரு படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கோ தம்பிக்கோ அனுப்பி வையுங்கள். 2011-ல் தானே புயலையும், அதற்குப் பிறகு வந்த வெள்ளங்களையும் பார்த்த கடலூர்க்காரர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியது இல்லை. புயலுக்கு அடுத்த வாரம் என் கடை வாசலில் ஈரக் காகிதத்தை விரலால் பிரித்துக்கொண்டு நிற்பவர்களை நான் ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். பத்திரமும் ரேஷன் கார்டும்தான் முதலில் எடுப்பார்கள். ஆஸ்பத்திரி ஃபைல் பீரோவின் அடித்தட்டிலேயே கிடந்து ஊறியிருக்கும்.

சுகாதாரத் துறை அதிகாரிகள் இந்தக் கடிதத்தைப் பார்த்தால், அரசு மருத்துவமனையோ தனியாரோ, குடல்வால் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும் தாளில் மூன்று விஷயம் கட்டாயம் இருக்க வேண்டும் என்று உத்தரவு போடுங்கள்: வேர் கண்ணில் பட்டதா, எவ்வளவு மீதி விட்டுக் கட்டப்பட்டது, பயாப்ஸி ரிப்போர்ட்டை எந்தத் தேதியில் வந்து வாங்க வேண்டும். அதற்குக் கீழே தமிழில் ஒரு வரி அச்சடிக்க அதிகம் செலவாகாது. ‘எத்தனை வருஷம் கழித்தானாலும் இதே இடத்தில் இதே வலி காய்ச்சலோடு வந்தால், இந்தத் தாளை எடுத்துக்கொண்டு உடனே அறுவை சிகிச்சை மருத்துவரிடம் போகவும்.’

மனைவியின் உடம்பு சம்பந்தப்பட்டது என்பதால் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.